கருவியை நகர்த்தினால் புகை நகராது: நகர நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர மன்ற உறுப்பினர்களுக்கும், புதிய காற்றுத்தரத் திட்டத்தைத் தயாரித்த அதிகாரிகளுக்கும்,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெரிய சந்திப்பில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத்தர அளவீட்டு நிலையத்தைக் கழற்றி, பூங்காவுக்குள் கொண்டுபோய் வைக்கப் போவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அதே தீர்மானத்தில், தண்ணீரைப் பனிபோலப் பீய்ச்சும் வண்டிகள் வாங்கவும், கடைவீதி முனையில் காற்றைச் சுத்திகரிக்கும் கோபுரம் ஒன்று கட்டவும் ஒப்புதல் தந்திருக்கிறீர்கள். கூடுதல் பஸ் பற்றி ஒரு வரி இல்லை. லாரிகள் பற்றி இல்லை. குப்பை எரிப்பது பற்றி ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’ என்று ஒரே ஒரு வாக்கியம். திட்ட அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டேன், புகை கிளம்பும் இடத்தில் கை வைக்கிற வேலை ஒன்றுகூட அதில் இல்லை. இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. தனியாகக் கடிதம் போட்டால் அது ஏதாவது ஒரு கோப்புக்குள் போய்விடும், அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அந்தச் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு, முதல் மாடி. சாலைப் பக்கத்து ஜன்னலில் கம்பிவலை அடித்திருக்கிறோம். அதில் படிவதைத் தூசி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் தூசி தட்டினால் உதிரும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இது விரலில் எடுத்தால் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் பட்டால் இழுவிக்கொண்டு கோடு கோடாகப் பரவுகிறது, சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் போகிறது, தேய்த்த துணியைத் தூக்கித்தான் போட வேண்டும். அதே வீட்டின் பின்பக்க ஜன்னலில் இந்தப் பிசுக்கு கிடையாது. அங்கே சாதாரண மண்தூசி. நடுவில் இருப்பது இரண்டு அறைகள்தான்.

அந்த இரண்டு அறை தூரத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலையத்தை இடம் மாற்றுவதற்கு நீங்கள் சொல்லியிருக்கும் காரணம், ‘சந்திப்பில் எடுக்கும் அளவு நகரத்தின் உண்மையான சராசரியைக் காட்டவில்லை’ என்பது. சரி, அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. போக்குவரத்தை விட்டு விலகி, குடியிருப்புகளின் பொதுவான காற்றை அளக்கும் நிலையம் எந்த நகரத்துக்கும் தேவைதான். ஆனால் அது சாலையோர நிலையத்தோடு கூடுதலாக இருக்க வேண்டியது, அதற்குப் பதிலாக வைக்க வேண்டியது இல்லை. வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் கரித்துகளும் சாலையை விட்டுச் சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வெகுவாகக் குறைந்துவிடும் என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் போக்குவரத்து நிலையத்தைச் சாலை விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள் வைக்கச் சொல்கின்றன, காற்றை உறிஞ்சும் வாயைப் பொதுவாகத் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்துக்குள் வைக்கச் சொல்கின்றன. அதாவது மனிதர்கள் நடக்கிற இடத்தில், மூச்சு விடுகிற உயரத்தை ஒட்டி. சந்திப்பின் நட்ட நடுவில் வைக்கக் கூடாது, பெரிய சந்திப்பின் விளிம்பிலிருந்து குறைந்தது 25 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. உங்கள் கவலை அதுதான் என்றால் நிலையத்தை அதே சாலையில் கொஞ்சம் தள்ளி வையுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. பூங்காவுக்கு ஏன் போகிறீர்கள்? காய்ச்சல்காரருக்கு ஜுரம் குறையவில்லை என்று தெர்மாமீட்டரைப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வாயில் வைத்துப் பார்த்தால் எண் குறையத்தான் செய்யும்.

அந்த நிலையத்தின் எண் எங்களுக்கு வெறும் எண்ணாக இருந்ததில்லை. என் மகளுக்கு இழுப்பு உண்டு. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்பே ‘வீடு மெயின் ரோட்டு மேலயா?’ என்றுதான் கேட்டார். காலையில் அந்த நிலையத்தின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் சாலையோரமாக நடந்து பள்ளிக்குப் போகலாமா, பின்தெரு வழியாகச் சுற்றிப் போகலாமா, பையில் இன்ஹேலரை அடியில் வைக்கலாமா மேலேயே வைக்கலாமா என்று முடிவு செய்கிறோம். எங்கள் தெருவில் நாங்கள் மட்டும் இல்லை, வயதானவர்கள் இருக்கும் வீடுகளிலும் இதுதான் பழக்கம். இனிமேல் பூங்காவில் எடுத்த எண்ணை எங்கள் கைப்பேசியில் காட்டி ‘காற்று நன்றாக இருக்கிறது’ என்று பச்சை நிறத்தில் போடுவீர்கள், நாங்களும் நம்பி வெளியே இறங்குவோம். முன்பு எங்களிடம் ஒரு கெட்ட செய்தியாவது இருந்தது, அதையும் எடுத்துவிட்டுப் பொய்யான நல்ல செய்தியைத் தருகிறீர்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீர் வண்டி. சோதனை ஓட்டமாக ஒன்று வந்ததைப் பார்த்தேன், படமெடுக்கவும் ஆட்கள் வந்திருந்தார்கள். முன்னால் பெரிய குழாயின் வாய் வழியே வெள்ளையாகச் சாரல், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வண்டி நகராமல் நிற்கும்போதும் அதன் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, பின்னால் பம்பை ஓட்ட வைத்திருந்த ஜெனரேட்டரிலிருந்து கறுப்பாகத் தனிப் புகை. சாரலில் நின்ற பஸ் பயணிகள் குடை தேடினார்கள், பின்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் தார் காய்ந்ததும் லாரிச் சக்கரத்தில் மண் பழையபடி எழுந்தது. வண்டி அளவீட்டு நிலையம் இருந்த பக்கமாகவே அதிக நேரம் நின்றது. தற்செயலாகவும் இருக்கலாம், நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பீய்ச்சினால் பெரிய மண்துகள் அடங்கும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் அது தேவையும்கூட. நுரையீரலின் அடி வரைக்கும் போகிற துகள் வேறு. பிஎம் 2.5 என்று நாம் அளப்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. டீசல் கரியில் பெரும்பாலான துகள்கள் அதையும் விடப் பல மடங்கு சிறியவை, ஒரு மைக்ரானுக்கும் கீழே. அந்த அளவில் உள்ளவை பெரும்பாலும் தண்ணீர்த்துளியில் மோதுவதில்லை, துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு சேர்ந்து விலகிப் போய்விடும். நைட்ரஜன் டை ஆக்சைடு தண்ணீரில் எளிதாகக் கரைகிற வாயுவும் அல்ல. போதாததற்கு, நுண்துகளில் கணிசமான பங்கு எந்தப் புகைக்குழாயிலிருந்தும் துகளாக வெளியே வருவதே இல்லை, கந்தக, நைட்ரஜன் வாயுக்களும் அம்மோனியாவும் காற்றிலேயே வினைபுரிந்து பிறகுதான் துகளாகின்றன. அதைப் பிடிக்க எந்தத் தெருமுனையில் வண்டியை நிறுத்துவீர்கள்? புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2012இல் வகைப்படுத்தியது, வெளிக்காற்று மாசு முழுவதையும் 2013இல் அதே பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றுக்கு நாம் சாரல் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வழியில் போனவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. சீனாவின் ஷிஜுய்ஷான் நகரில் 2018 ஜனவரியில் இதே மாதிரி வண்டியைக் கொண்டு அளவீட்டுக் கருவி இருந்த சுற்றுச்சூழல் அலுவலகக் கட்டடத்தின் மீதே தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்தக் குளிரில் கட்டடம் முழுக்க உறைந்து பனிச்சிற்பமாக நின்ற படம் நாடெங்கும் பரவி மானம் போனது. அதற்கு முன்பே சியான் நகரில், கருவியின் உறிஞ்சுவாயில் பஞ்சை அடைத்து அளவைக் குறைத்துக் காட்டிய சுற்றுச்சூழல் அதிகாரிகள் 2017இல் சிறைக்கே போனார்கள். வசதியான நாடுகள் யோக்கியம் என்றும் சொல்லவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் புகை விடும்படி மென்பொருள் எழுதிய ஃபோக்ஸ்வேகன் மோசடி 2015இல் வெளியானபோது, அப்படிப்பட்ட கார்கள் உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் ஓடிக்கொண்டிருந்தன. காகிதத்தில் எல்லாம் சுத்தம். ஐரோப்பிய நகரச் சாலைகளில் நைட்ரஜன் டை ஆக்சைடு ஏன் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று பல ஆண்டுகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர்களுக்கு அப்போது பதிலில் ஒரு பகுதி கிடைத்தது. நீங்கள் பஞ்சு அடைக்கவில்லை, மென்பொருள் எழுதவில்லை, தெரியும். உங்கள் தீர்மானம் சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அளவு குறைய வேண்டும் என்பதும் புகை குறைய வேண்டும் என்பதும் ஒன்றல்ல, உங்கள் திட்டத்துக்கு முதலாவது போதும் என்று தோன்றுகிறது.

கோபுரத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. டெல்லியில் 2021இல் கன்னாட் பிளேஸ் பகுதியில் 24 மீட்டர் உயரத்துக்கு ஒன்று கட்டினார்கள். அதன் பலன் சுற்றி ஏறக்குறைய 100 மீட்டர் வரைக்கும்தான் என்று அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவே 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. திறந்த வெளியின் காற்றை வடிகட்ட முடியாது, ஒவ்வொரு நிமிடமும் புதிதாகக் காற்று வந்துகொண்டே இருக்கிறது, புதிதாகப் புகையும் வந்துகொண்டே இருக்கிறது.

இனி எதனால் குறைந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் ‘வளர்ந்துவரும் நகரத்தில் ஒன்றும் செய்ய முடியாது’ என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் பேசியதாகப் படித்தேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள், பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. பனி விலகிய பிறகும் தொடர்ந்த சாவுகளுக்கு அன்றைய அரசும் இன்ஃப்ளூயன்ஸாவைத்தான் காரணம் காட்டியது. ஆனாலும் 1956இல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. புகையற்ற பகுதிகள் என்று எல்லை போட்டு, அதற்குள் நிலக்கரிப் புகை விடக்கூடாது என்றார்கள். அதோடு நிற்கவில்லை, வீட்டு அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பங்கை அரசும் உள்ளாட்சியும் ஏற்றுக்கொண்டன. இந்த இரண்டாவது பகுதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தடை மட்டும் போட்டிருந்தால் அது ஏழைகளின் குளிர்காலத்தைத்தான் பறித்திருக்கும்.

ஸ்டாக்ஹோம் செய்ததும் அதே வரிசைதான். 2006 ஜனவரியில் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் வைப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பஸ்களை இறக்கிவிட்டார்கள். முதலில் மாற்று வழி, அப்புறம் கட்டணம். ஆரம்பத்தில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த ஆண்டு செப்டம்பரில் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது பாதிக்குச் சற்று மேலானவர்கள் வேண்டும் என்றார்கள். 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது. குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமா தாக்குதல்கள் குறைந்ததைப் பிறகு வந்த ஆய்வு காட்டியது. மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்வதற்கு முன்னால், மக்களுக்கு ஒரு சோதனைக் காலத்தையாவது கொடுத்துப் பாருங்கள்.

வரிசை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ சிட்டி. 1989இல் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து வாரத்தில் ஒரு நாள் கார் ஓட்டத் தடை விதித்தார்கள். மாற்று ஏற்பாடு போதவில்லை, அதனால் வசதி உள்ளவர்கள் வேறு எண்ணில் இன்னொரு பழைய காரை வாங்கிக்கொண்டார்கள். காற்று மேம்பட்டதற்கு அளவீடுகளில் தடயம் இல்லை என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். உங்களில் சிலருக்கு ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று கார்களை நாள் மாற்றி விடுகிற யோசனையில் ஆர்வம் இருப்பதாகக் கேள்விப்படுவதால் இதைச் சொல்கிறேன். அவசர நாட்களில் ஓரிரு நாள் அது உதவலாம், கொள்கையாக அது போதாது.

டெல்லியில் உச்ச நீதிமன்றம் 1998இல் உத்தரவிட்டு, 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் எல்லாம் டீசலிலிருந்து சிஎன்ஜி என்கிற இயற்கை எரிவாயுவுக்கு மாறின. மாற்றம் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் பஸ்கள் போதுமான அளவு பெருகவில்லை, கார்களும் இருசக்கர வண்டிகளும் பெருகின, கிடைத்த பலனைச் சில ஆண்டுகளில் அவை தின்றுவிட்டன. எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது, வண்டிகளின் எண்ணிக்கையும் கணக்கில் வரவேண்டும். மின்சார வண்டிக்கும் இது பொருந்தும், அதன் டயரும் பிரேக்கும் தேய்ந்தால் அதுவும் துகள்தான். அதனால் மின்சாரக் காருக்கு மானியம் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார முடியாது, மின்சார பஸ்தான் முதலில் வேண்டும். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவில் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை மொத்தமாக மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. பெய்ஜிங்கில் 2013இல் ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், நிலக்கரிக் கொதிகலன்களையும் நிலக்கரி மின் நிலையங்களையும் மூடியும் பழைய வண்டிகளை ஒதுக்கியும் 2017இல் 58க்கு வந்தது. இன்னும் பாதுகாப்பான அளவுக்கு எங்கேயோ தூரத்தில் இருக்கிறது, ஏனென்றால் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 5தான், அதற்கு முன் 10ஆக இருந்தது. ஆனாலும் நான்கே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, சாரல் வண்டியால் அல்ல, அடுப்பை அணைத்ததால்.

‘பழைய லாரியையும் வேனையும் நம்பிப் பிழைப்பவர்கள் வயிற்றில் அடிக்க முடியாது’ என்பது உங்கள் இன்னொரு பதில். இதை நான் லேசாகத் தள்ளவில்லை, எங்கள் கட்டடத்திலேயே வாடகை வேன் ஓட்டுகிறவர் இருக்கிறார், அவர் வண்டியின் வயது எனக்குத் தெரியும். ஆனால் சந்திப்பில் நாள் முழுக்க நிற்பது யார் என்று பாருங்கள். போக்குவரத்துக் காவலர், நடைபாதை வியாபாரி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், சுமை இறக்குபவர், ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு அதே வேனை ஓட்டுகிற அந்த மனிதரும்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு இந்தப் புகையில் கொஞ்சமாவது தப்பிக்க வழியுண்டு. ஏழைகளின் பெயரைச் சொல்லி எதையும் செய்யாமல் இருப்பதில் ஏழைகளுக்கு ஒரு லாபமும் இல்லை. லண்டனில் மிகக் குறைந்த உமிழ்வுப் பகுதி, அதாவது அதிகப் புகை விடும் பழைய வண்டிகள் ஓடினால் கட்டணம் கேட்கிற எல்லை, 2019இல் மையத்தில் தொடங்கி 2023இல் நகரம் முழுக்க விரிந்தபோது, குறைந்த வருமானக்காரர்களும் சிறு தொழில்களும் பழைய வண்டியைக் கழிக்கப் பண உதவி வைத்தார்கள். அப்போதும் கூச்சல் வந்தது, உதவி போதவில்லை என்ற புகார் வந்தது. அதையெல்லாம் பார்த்துவிட்டு இன்னும் நன்றாகச் செய்யும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

குப்பை விஷயத்தில் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் தெருமுனையில் விடியற்காலையில் சருகையும் பிளாஸ்டிக்கையும் குவித்துத் தீ வைப்பது குடியிருப்பவர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர் அனுப்பும் துப்புரவுத் தொழிலாளர்கள். நான் கேட்டேன். ‘வண்டி வரலைங்க, ஏழு மணிக்கு மேல இங்க குவியல் இருந்தா எங்க கூலியில கை வைப்பாங்க’ என்றார் ஒரு அம்மா, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டே. அந்தப் புகையை முதலில் குடிப்பது அவர்தான். இதற்கு யாருக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப் போகிறீர்கள்? வண்டி அனுப்பாதவருக்கா?

மேலே சொன்ன சான்றுகள் அனைத்தையும் விட ஒரு வழக்கு முக்கியம். தென்கிழக்கு லண்டனில் வாகன நெரிசல் மிகுந்த சாலைக்கு அருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் கடுமையான ஆஸ்துமாவில் இறந்தாள். அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்தத் தீர்ப்பில் நான் நின்றுபோன இடம் வேறு. மாசைப் பற்றிய தகவல் தாய்க்குத் தரப்படவில்லை, தந்திருந்தால் அவர் சாவைத் தவிர்க்கக்கூடிய நடவடிக்கைகளை எடுத்திருப்பார் என்றும் அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். தகவல் என்பது அலங்காரம் இல்லை. நிலையத்தை இடம் மாற்றும் கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை ஒருமுறை படியுங்கள்.

நான் கேட்பவை இவை.

சாலையோர அளவீட்டு நிலையத்தை அதே சாலையில் வைத்திருங்கள். பூங்காவிலும் ஒன்று வேண்டுமென்றால் புதிதாக வையுங்கள், இரண்டையும் தனித்தனியாக, மணிக்கு மணி, திருத்தாமல் வெளியிடுங்கள். கருவி வேலை செய்யாத நேரங்களையும் மறைக்காமல் காட்டுங்கள். பழைய ஆண்டுகளின் தரவையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பூங்கா எண்ணையும் சந்திப்பு எண்ணையும் ஒப்பிட்டு ‘காற்று மேம்பட்டுவிட்டது’ என்று அறிக்கை வரும், அதை மறுக்க எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கோபுரத்தைக் கைவிடுங்கள். சாரல் வண்டிகள் வாங்குவதை நிறுத்தி அந்தப் பணத்தைப் பஸ்களுக்குத் திருப்புங்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் தூசியை அடக்கும் பொறுப்பும் செலவும் கட்டுபவருடையது, அதைப் பொதுப்பணத்தில் செய்ய வேண்டியதில்லை, அபராதத்தைச் சரியாக வசூலித்தாலே போதும்.

நகரத்தின் மாசு எந்தெந்த மூலத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்ற கணக்கை எடுத்து வெளியிடுங்கள், ஏற்கெனவே எடுத்திருந்தால் அதை எங்களுக்குக் காட்டுங்கள். திட்டத்தின் ஒவ்வொரு செலவுக்கும் நேராக, அது எந்த மூலத்தைக் குறைக்கிறது என்று எழுதுங்கள். எழுத முடியாத செலவைச் செய்யாதீர்கள்.

கனரக டீசல் வண்டிகளுக்குக் குடியிருப்புப் பகுதிகளில் கட்டுப்பாடு வேண்டும், இரவிலும்தான், ஏனென்றால் இரவில் திறந்துவிடப்படும் லாரிகளின் புகையைத் தூங்கிக்கொண்டு சுவாசிக்கிறோம். இதை ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. எந்த வகை வண்டிக்கு எந்தத் தேதி முதல் என்று முன்கூட்டியே அறிவியுங்கள், ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவருக்குப் பழையதைக் கழித்து மாற்றுவதற்கான உதவியை அதே அறிவிப்பில் சொல்லுங்கள். கட்டணமோ தடையோ எதுவானாலும் அதற்கு முன்பே கூடுதல் பஸ் ஓட வேண்டும்.

பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் பள்ளி வாசல் தெருவை வண்டிகளுக்கு மூடுங்கள். பாரிஸ் நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்களில் இதை நிரந்தரமாகவே செய்துவிட்டது, உங்களுக்குத் தேவை இரண்டு தடுப்புகளும் ஒரு காவலரும். அளவு மோசமாகும் நாட்களில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் முன்னெச்சரிக்கை போக வேண்டும், மறுநாள் நாளிதழில் செய்தியாக வருவது எச்சரிக்கை ஆகாது.

துப்புரவு ஒப்பந்தத்தில், குப்பை எரிக்கப்பட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் என்றும், அதைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது என்றும் சேருங்கள். குவியல் எடுக்க வண்டி வரும் நேரத்தைத் தெருத்தெருவாக அறிவியுங்கள்.

கடைசியாக, அடுத்த நகர மன்றக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுங்கள், பார்வையாளர் பகுதியில் நாங்கள் உட்கார அனுமதியுங்கள். மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும் செய்வோம், செய்யமாட்டோம் என்று எழுத்தில் பதில் வேண்டும். செய்வோம் என்றால் தேதியோடு, மாட்டோம் என்றால் காரணத்தோடு. அதுவரை சந்திப்பில் இருக்கும் கருவியை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்திப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர்